பொறிக்குள் பொறி

சென்னைத் துறைமுகத்திலிருந்து கீழ்த்திசை நோக்கிச் செல்லும் கப்பல் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடந்து அந்தமான் கரையை அடைகிறது. அத்தீவுகளின் தலைநகருக்கு நெடுங்காலம் போர்ட் பிளேயர் என்று பெயர். 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்ற பெயர் அறிவிக்கப்பட்டது. அந்நகரில் கடலைப் பார்த்தபடி உயர்ந்து நிற்கும் மேட்டுப் பகுதி மரைன் ஹில். வங்காளியரும் தெலுங்கரும் இந்தி பேசுவோரும் கலந்து வாழும் அந்நகரில், தமிழ் பேசும் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக வேரூன்றியிருக்கின்றன. சொந்த ஊரை விட்டு வேற்றிடத்தில் பிழைப்பவர் அனைவரும் அறிந்த ஓர் உண்மையைத் தீவில் வாழ்பவர் இன்னும் ஆழமாக அறிவர். பொருள் பழுதானால், அதைச் செய்தவன் அருகில் இருக்கமாட்டான் என்பதே அது.

படகின் எந்திரம் நின்றுபோனால் உதிரி உறுப்பு கப்பலில்தான் வர வேண்டும். மின்சாரத்திற்கோ பெரும்பாலும் டீசல் எந்திரங்களே துணை. அந்த டீசலும் கப்பலில்தான் வர வேண்டும். இத்தகைய இடத்தில் ஐந்து வேலைக்கு ஐந்து கணிப்பொறிகளை வாங்கி வைப்பது செலவை மட்டுமன்றிக் கவலையையும் ஐந்து மடங்காக்கும். ஒரே பொறிக்குள் ஐந்து பொறிகளை அமைத்துக்கொள்ள முடியுமானால் எத்துணை நலம்! அது முடியும், முடிந்து அறுபது ஆண்டுகள் ஆகப்போகின்றன. அதற்கு மெய்நிகர் இயந்திரம் என்று பெயர். உண்மையான கணிப்பொறி ஒன்றின் மீது ஒரு மென்பொருள் அமர்ந்துகொண்டு, தன் மேல் இயங்கும் ஒவ்வோர் இயங்குதளத்திற்கும் தனிக் கணிப்பொறியே இருப்பது போன்ற தோற்றத்தை அளிக்கிறது. உள்ளே இருப்பதற்குத் தான் குடியிருப்பது வாடகை வீடு என்பதே தெரியாது.

இம்மென்பொருளின் வரலாற்றையும், அதனை மூலநிரலிலிருந்து நாமே உருவாக்கி நிறுவும்போது நேரும் இடர்களையும், அவற்றைக் களையும் வழிகளையும் இங்கே காண்போம். மூலநிரல் என்பது மனிதர் எழுதி மனிதர் படிக்கக்கூடிய வடிவம். அதைத் தொகுப்பி என்னும் மென்பொருள் பொறிக்கு விளங்கும் வடிவாக மாற்றுகிறது. சமைத்த உணவுக்கும் அரிசி பருப்புக்கும் உள்ள வேற்றுமை என்று இதனைக் கொள்ளலாம். சமைத்ததை வாங்கினால் உண்ணலாம். அரிசி பருப்பு கையில் இருந்தால் உப்பைக் கூட்டவும் குறைக்கவும் செய்யலாம். ஆனால் அடுப்பெரிப்பது நம் பொறுப்பாகிவிடும்.

1964ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், ஐ.பி.எம். நிறுவனத்தின் அறிவியல் மையத்தில் ராபர்ட் கிரீசி என்பவர் தலைமையில் ஒரு சிறு குழு இம்முயற்சியைத் தொடங்கியது. அக்காலத்துக் கணிப்பொறி ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொள்ளும். அதன் விலையோ மிகப் பெரிது. ஒரே பொறியைப் பலர் ஒரே நேரத்தில், ஒருவர் வேலையை மற்றவர் கெடுக்காமல், பயன்படுத்துவது எப்படி என்பதே கேள்வி. பொறியை நேரத்தால் பங்கிடுவதோடு நில்லாமல், ஒவ்வொருவருக்கும் முழுப் பொறியின் நிழலையே கொடுத்துவிடலாம் என்று அவர்கள் எண்ணினர். 1967இல் நடைமுறைக்கு வந்த அந்த அமைப்பின் பெயர் சி.பி.-40. அதன் வழித்தோன்றலாகிய சி.பி.-67, 1968இல் வாடிக்கையாளர்களுக்கு வழங்கப்பட்டது.

அது வழங்கப்பட்ட முறை கருதத்தக்கது. பழுது நீக்கித் தருவோம் என்ற உறுதிமொழி அதனுடன் இல்லை. ஆனால் மூலநிரல் முழுவதும் இருந்தது. தோன்றும் இடர்களைப் பெற்றுக்கொண்டவர்களே தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவர்கள் தீர்த்தார்கள், தீர்த்ததை எழுதி ஒருவருக்கொருவர் அனுப்பினார்கள், புதிய வசதிகளையும் சேர்த்தார்கள். 1972 ஆகஸ்டு 2ஆம் நாள் ஐ.பி.எம். அறிவித்த வி.எம்./370 என்ற புகழ்பெற்ற அமைப்பு, பயனாளர்களின் இத்தகைய உழைப்பையும் உண்டு வளர்ந்ததேயாகும்.

நம் நாட்டுக்கு இக்கதையில் ஒரு தொடர்பு உண்டு. 1973இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஐ.பி.எம். 370/155 என்னும் பெருங்கணிப்பொறி நிறுவப்பட்டது. தமிழகத்துப் பொறியாளர் பலர் கணிப்பணியின் முதற்பாடத்தை அதன் முன் அமர்ந்தே கற்றனர். 155 என்னும் அந்த வகைப் பொறி முதலில் விற்பனைக்கு வந்தபோது, நினைவக முகவரிகளை உடனுக்குடன் மாற்றித் தரும் தனி உறுப்பு அதில் இல்லை. அவ்வுறுப்பைப் பின்னர்த் தனியே சேர்த்தாலன்றி, அவ்வகைப் பொறி மீது வி.எம்./370 இயங்காது. மென்பொருள் எத்துணைச் சிறந்ததாயினும், கீழேயுள்ள பொறி இடங்கொடுக்க வேண்டும் என்ற பாடம் இதிலிருந்தே தொடங்குகிறது. இன்றைய மேசைக் கணிப்பொறியிலும் முதலில் பார்க்க வேண்டியது இதுவே. அதைப் பின்னர்க் காண்போம்.

மற்றொரு பாடமும் அக்காலத்தில் கிடைத்தது. 1978இல் ஐ.பி.எம். நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறியது. அதன் பொறிகள் இங்கேயே நின்றன. அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பை, அரசு நிறுவனமாகிய சி.எம்.சி. ஏற்றது. செய்தவன் போய்விட்டான், பொருள் ஓட வேண்டும் என்ற நிலைமை அன்று நாட்டிற்கே நேர்ந்தது. ஐந்தாண்டுகளுக்குப் பின், 1983இல், இனி மூலநிரலைத் தருவதில்லை, பொறிவடிவத்தை மட்டுமே தருவோம் என்ற கொள்கையை ஐ.பி.எம். அறிவித்தபோது, உலகெங்கும் வி.எம். பயனாளர் கடுமையாக எதிர்த்தனர். பிறரது உழைப்பை இலவசமாகப் பெறும் ஆசையால் எழுந்த எதிர்ப்பன்று அது. இரவில் பொறி நின்றால் காரணத்தைத் தாமே படித்தறியும் உரிமை பறிபோகிறதே என்ற ஆற்றாமையின் குரல் அது. அதே 1983இல்தான் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர், மூலநிரல் எவர்க்கும் திறந்திருக்கும் குனூ என்ற திட்டத்தை அறிவித்தார். 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் கருநிரலை வெளியிட்டார். பெருநிறுவனம் அடைத்த கதவுக்கு மாற்றாகப் பொதுமக்கள் ஒரு வாயிலைத் திறந்தனர் என்னலாம்.

நிற்க. சிறு கணிப்பொறிகளின் காலம் வந்தபோது மெய்நிகர் இயந்திரம் சிறிது காலம் மறக்கப்பட்டது. ஒரு பொறி முழு மெய்நிகர் வடிவத்திற்கு இணங்கத் தேவையான நிபந்தனைகளை 1974இலேயே போப்பெக், கோல்டுபர்க் என்னும் இருவர் வகுத்திருந்தனர். மேசைக் கணிப்பொறிகளில் பரவியிருந்த இன்டெல் வகைச் செயலி அந்நிபந்தனைகளை நிறைவு செய்யவில்லை. அதன் கட்டளைகளுள் 17, காவலனை எழுப்பாமலே வீட்டுக்குள் நுழையும் தன்மையன என்று 2000ஆம் ஆண்டு ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. இத்தடையை வெல்ல மூன்று வழிகள் பிறந்தன.

1998இல் தொடங்கப்பெற்ற வி.எம்.வேர் நிறுவனம், இடர் தரும் கட்டளைகளை ஓடும்போதே மொழிபெயர்த்து ஓட்டும் வழியைக் கையாண்டது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2003இல் வெளியான ஸென், விருந்தாளியாக வரும் இயங்குதளத்தின் கருநிரலையே சற்றுத் திருத்தி, வீட்டு வழக்கத்திற்கு ஏற்ப நடக்கச் செய்தது. மூலநிரல் திறந்திருந்ததனாலன்றோ லினக்ஸை அவ்வாறு திருத்த முடிந்தது! மூன்றாவது வழி, செயலியையே மாற்றுவது. 2005 இறுதியில் இன்டெல் நிறுவனமும், 2006இல் ஏ.எம்.டி. நிறுவனமும் மெய்நிகர் இயந்திரத்திற்கெனத் தனி வசதியைச் செயலிக்குள் அமைத்தன. அதனைப் பயன்படுத்தும் கே.வி.எம். என்னும் பகுதியை ஆவி கிவிட்டி என்னும் இஸ்ரேலியப் பொறியாளர் எழுதினார். 2006 அக்டோபரில் அது அறிவிக்கப்பட்டது. 2007 பிப்ரவரியில் லினக்ஸ் கருநிரலின் 2.6.20ஆம் பதிப்பில் இடம்பெற்றது. வட்டு, திரை, வலைப்பின்னல் அட்டை முதலிய உறுப்புகளின் தோற்றத்தைத் தருவதற்கு, பிரான்சு நாட்டு ஃபாப்ரிஸ் பெலார் என்பவர் 2003இல் வெளியிட்ட கியூ-எமு என்னும் மென்பொருள் துணையாயிற்று. கே.வி.எம். உயிரானால் கியூ-எமு உடல்.

அந்த முதலாண்டுகளில் இவற்றைப் பயன்படுத்த விரும்பியவர் பலருக்கும் மூலநிரலிலிருந்து உருவாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. அன்றைய இடர்கள் இன்றும் பாடமாக நிற்கின்றன. அக்காலத்துக் கியூ-எமு, ஜி.சி.சி. என்னும் தொகுப்பியின் மூன்றாம் தலைமுறையை மட்டுமே ஏற்றது. கணிப்பொறிகளிலோ நான்காம் தலைமுறை வந்துவிட்டிருந்தது. தொகுப்பி புதியது, ஆகவே நல்லது என்று எண்ணியவர் வாசலிலேயே தடுக்கப்பட்டனர். உள்ளே இருந்த மொழிபெயர்ப்புப் பொறியமைப்பை 2008இல் மாற்றி எழுதி, 2009இல் வந்த பதிப்பில் சேர்த்த பிறகே அத்தடை நீங்கியது. கே.வி.எம். வழங்கிய கியூ-எமு ஒன்றும், மூலக் கியூ-எமு ஒன்றுமாகப் பிரிந்து நின்ற இரு கிளைகள் 2012 இறுதியில் ஒன்றாயின. அதுவரை எந்தக் கிளையை எடுத்தோம் என்பதே ஒரு குழப்பம்.

இனி, இடர்களைக் களையும் முறைக்கு வருவோம். நோயின்னது என்று அறியுமுன் மருந்து கொடுப்பவன் நல்ல மருத்துவன் ஆகான். மூலநிரலிலிருந்து நிறுவுவதில் நான்கு படிகள் உண்டு. ஆயத்தச் சோதனை, தொகுத்தல், நிறுவல், ஓட்டம் என்பன அவை. இடர் எந்தப் படியில் நேர்ந்தது என்று முதலில் தெளிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதற்படி, கன்பிகர் என்னும் ஆயத்தச் சோதனை. இது வீட்டில் என்னென்ன இருக்கின்றன என்று பார்த்து வரும். 1991இல் டேவிட் மெக்கன்சி உருவாக்கிய ஆட்டோகான்ஃப் என்னும் கருவியால் இவ்வழக்கம் எங்கும் பரவியது. இன்ன நூலகம் இல்லை என்று சோதனை நின்றுவிட்டால், பலர் திகைப்பர். அந்த நூலகம் தம் கணிப்பொறியில் இருப்பதைக் கண்ணால் கண்டவராயிற்றே! நூலகம் இருப்பது வேறு. அதனைக் கொண்டு தொகுப்பதற்கு வேண்டிய தலைப்புக் கோப்புகள் இருப்பது வேறு. பின்னவை 'டெவ்' அல்லது 'டெவெல்' என்ற வாலுடன் கூடிய தனிப் பொதியில் இருக்கும். அதனை நிறுவினால் தடை நீங்கும். சோதனை எழுதிவைக்கும் பதிவுக் கோப்பைப் படித்தால் எதைத் தேடி ஏமாந்தது என்பது விளங்கும். மற்றொன்றும் உண்டு. 2020 டிசம்பரில் வந்த 5.2ஆம் பதிப்பு முதல் கியூ-எமு, மெசான், நிஞ்ஜா என்னும் புதிய கருவிகளுக்கு மாறிவிட்டது. பழைய குறிப்பைப் பார்த்துப் புதிய பதிப்பை உருவாக்க முனைபவர் இடறி விழுவது இங்கேதான்.

இரண்டாம் படி, தொகுத்தல். பெல் ஆய்வகத்தில் 1976இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் படைத்த மேக் என்னும் கருவி, எதன் பின் எதைத் தொகுப்பது என்ற ஒழுங்கைக் காக்கிறது. இங்கே பிழை நேர்ந்தால் திரையில் நூறு வரிகள் ஓடும். மக்கள் கடைசி வரியைப் படித்துவிட்டுக் கலங்குவர். படிக்க வேண்டியது முதற் பிழையை. பின்வருவன பெரும்பாலும் அதன் பிள்ளைகள். பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டினால் வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒன்றன்பின் ஒன்றாக மீண்டும் ஓட்டினால் முதற் பிழை தெளிவாகும்.

மூன்றாம் படி, நிறுவல். இங்கே நேரும் இடர் நுட்பமானது. ஏனெனில் எல்லாம் வெற்றியாக முடிந்தது போலவே தோன்றும். நாம் உருவாக்கியது பொதுவாக 'யூஎஸ்ஆர்-லோக்கல்' என்னும் அடைவில் போய் அமரும். இயங்குதளத்தோடு வந்த பழைய பிரதியோ வேறோர் அடைவில் இருக்கும். ஒரே பெயரில் இருவர் ஒரு தெருவில் குடியிருந்தால் கடிதம் யாருக்குப் போகும்? கட்டளையிட்டால் பழையது ஓடலாம். நிர்வாக மென்பொருள் பழையதையே அழைக்கலாம். எனவே ஓடுவது எந்தப் பாதையிலுள்ள எந்தப் பதிப்பு என்று கேட்டறிவது முதற்கடமை. பகிர்நூலகம் திறக்க இயலவில்லை என்ற செய்தி வந்தால், புதிய நூலகம் அமர்ந்த இடம் ஏற்றிக்குத் தெரியவில்லை என்பது பொருள். எல்டிகான்பிக் என்னும் கட்டளையை நிர்வாகி உரிமையுடன் ஒருமுறை ஓட்டினால் முகவரிப் பட்டியல் புதுப்பிக்கப்படும்.

நான்காம் படி, ஓட்டம். இயந்திரம் ஓடுகிறது, ஆனால் நத்தை போல் ஓடுகிறது என்பதே இங்குப் பலரும் சொல்லும் குறை. காரணம், செயலியின் உதவி கிட்டாமல் கியூ-எமு ஒவ்வொரு கட்டளையையும் தானே மொழிபெயர்த்துக்கொண்டிருப்பதாகும். செயலியில் வசதி இருந்தும், பொறியின் தொடக்க அமைப்பில் அது மூடப்பட்டிருக்கலாம். கருநிரலின் செய்திக் குறிப்பில், கே.வி.எம். பயாஸால் தடுக்கப்பட்டது என்ற வரி இருந்தால் ஐயமே வேண்டா. பொறியை மீண்டும் தொடங்கி அவ்வசதியைத் திறக்க வேண்டும். அன்று 370/155 தந்த பாடம் இதுவே. வசதி திறந்திருந்தும் அனுமதி மறுக்கப்பட்டால், பயனாளரைக் கே.வி.எம். குழுவில் சேர்க்க வேண்டும். சேர்த்தபின் வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியை மறந்து மணிக்கணக்கில் தேடுபவர் பலர். கருநிரலோடு சேரும் பகுதியை நாமே தொகுத்திருந்தால், அது எந்தக் கருநிரலுக்காகத் தொகுக்கப்பட்டதோ அதனோடு மட்டுமே இணங்கும். இயங்குதளம் தன் கருநிரலைப் புதுப்பித்த மறுநாள், பொருந்தாத வடிவம் என்ற செய்தியுடன் அது மறுக்கப்படும். அதற்கு மருந்து, புதிய கருநிரலின் தலைப்புக் கோப்புகளைக் கொண்டு மீண்டும் தொகுப்பதே.

இவ்வளவு தொல்லை எதற்கு, சமைத்ததையே வாங்கி உண்ணலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இன்று இயங்குதளங்களோடு வரும் ஆயத்தப் பொதிகள் பெரும்பாலோர்க்குப் போதும். அவற்றை விடுத்து வீணே மூலநிரலை நாடுவது அறிவன்று. அதற்கு 2015ஆம் ஆண்டு ஒரு சான்று. கியூ-எமுவின் நெகிழ்வட்டுப் பகுதியில் 2004 முதல் ஒளிந்திருந்த ஒரு பாதுகாப்புப் பிழை அவ்வாண்டு மே மாதம் வெளிப்பட்டது. வெனம் என்று அதற்குப் பெயரிட்டனர். உள்ளேயிருக்கும் குடியானவன் சுவரைத் துளைத்து வீட்டுக்காரனின் அறைக்கே வரக்கூடிய பிழை அது. ஆயத்தப் பொதியை நிறுவியவர்களுக்குத் திருத்தம் புதுப்பித்தல் வழியே வந்து சேர்ந்தது. தாமே தொகுத்து நிறுவியவர்களுக்கோ, தாமே அறிந்து, தாமே மீண்டும் தொகுத்தாலன்றித் திருத்தம் இல்லை. மூலநிரலிலிருந்து நிறுவுபவர், நிறுவிய நாளோடு வேலை முடிந்தது என்று எண்ணுதல் கூடாது. எந்தப் பதிப்பு, என்ன தெரிவுகள், எந்நாள் என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் நன்று. அடுத்து வரும் ஊழியர்க்கு அதுவே விளக்கு.

ஆயினும் பொதியில் இல்லாத வசதி வேண்டும்போதும், பிழையை நாமே திருத்த வேண்டும்போதும் மூலநிரலே கதி. தீவுகளின் அண்மை வரலாறு இதனை உணர்த்தும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, வெளித்தொடர்பு அறுந்தால் என்னவாகும் என்பதை அத்தீவுகள் கண்டன. அதன்பின்னும் நெடுங்காலம் தலைநிலத்துடனான தொடர்புக்குச் செயற்கைக்கோளே வழி. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள கோளுக்குச் சென்று இறங்கி, விடையும் அவ்வழியே திரும்ப, ஒளியின் வேகத்திலும் அரை நொடி ஆகும். அலைவரிசையும் குறுகியது. இன்றைய கியூ-எமுவின் மூலநிரல் பொதி நூறு மெகாபைட்டைத் தாண்டும். மெய்நிகர் வட்டுகளோ அதனினும் பல மடங்கு பெரியன. 2018 டிசம்பர் 30ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பெற்று, 2020 ஆகஸ்டு 10ஆம் நாள் திறந்துவைக்கப்பெற்ற சென்னை–அந்தமான் கடலடிக் கண்ணாடியிழை வடம் இந்நிலையை மாற்றியது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வடம் தலைநகரோடு கார் நிக்கோபார், சிறிய அந்தமான், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் முதலிய தீவுகளையும் இணைக்கிறது. மரைன் ஹில்லில் அமர்ந்திருப்பவர்க்கும் சென்னையில் அமர்ந்திருப்பவர்க்கும் மூலநிரல் இப்போது ஏறக்குறைய ஒரே தொலைவில் இருக்கிறது.

வடம் பொருளைக் கொண்டுவரும். அறிவை நாம்தான் வளர்க்க வேண்டும். அதற்குத் தமிழகம் செய்துள்ள பணிகள் சில உண்டு. திறந்த மூலநிரலுக்கான தேசிய வள மையம் 2005இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யூ.-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும் சென்னை சி-டாக் நிறுவனமும் இணைந்த முயற்சியாக அமைந்தது. இந்திய மொழிகளுக்கு இடந்தரும் பாஸ் லினக்ஸ் அம்முயற்சியில் பிறந்து 2007இல் வெளிவந்தது. 2012இல் தொடங்கிய கணியம் என்னும் மின்னிதழ், கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே கற்பித்து வருகிறது. பம்பாயிலும் டில்லியிலும் கல்கத்தாவிலும் தீவுகளிலும் வாழும் தமிழிளைஞர், தம் தாய்மொழியில் இக்கலையைத் தொடங்குவதற்கு இவை நுழைவாயில்கள்.

கணிப்பொறியைப் பிறர் அமைத்துத் தந்தபடியே பயன்படுத்துவது எளிது. நலமாக ஓடும் நாளில் அதில் குறையுமில்லை. அது நின்றுபோகும் நாளில் தொலைவிலுள்ள ஒருவரின் விடைக்காகக் காத்திருப்பதா, பிழைச்செய்தியின் முதல் வரியைப் படித்துக் காரணத்தைத் தேடத் தொடங்குவதா என்பதே கேள்வி. 1968இல் மூலநிரலைப் பெற்ற முதற் பயனாளர் இரண்டாவதைத் தேர்ந்தனர். அதனாலேயே இத்துறை வளர்ந்தது. வேற்றூரில் வாழ்பவர்க்குக் கைத்தொழில் எப்போதும் சிறந்த துணை. பழுதின் காரணத்தைப் பொறுமையுடன் படியேறித் தேடும் பழக்கமும் அத்தகைய கைத்தொழிலே. அதனை நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போமாக.